ஒற்றை இலை நாற்றுகள்

வெள்ளிமலை
8-9-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில்மதி எழுதுவது. இங்கே நான் நலம். உன் கடிதம் வந்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் சங்கம், அரைப் பக்கம் அப்பாவின் இருமல். அடுத்த முறை இருமலை முதலில் எழுது.

மலைமேல் உட்கார்ந்து நான் என்னதான் செய்கிறேன் என்று அண்ணி கேட்டார்களாம். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கடுகை இரண்டாக வெட்டுகிறேன். தாளிக்கிற கடுகு இல்லை, அதன் பங்காளி. வடக்கேயும் வெளிநாட்டிலும் எண்ணெய் ஆட்டுகிற இனம். அந்த எண்ணெயில் எரூசிக் அமிலம் என்று ஒன்று அதிகமாக இருக்கிறது, இதயத்துக்கு நல்லதில்லை என்கிறார்கள். அது குறைவாக உள்ள விதையைத் தேடுவதுதான் எங்கள் வேலை.

ஒரே செடியின் காயில்கூட விதைக்கு விதை எண்ணெய் மாறும். முழு விதையையும் அரைத்துப் பார்த்தால் எண்ணெயின் குணம் தெரிந்துவிடும், ஆனால் செடி போய்விடும். அதனால் விதையை ஊறவைத்து, லென்ஸில் பார்த்துக்கொண்டே பிளேடால் ஒரு பக்கத்துப் பருப்பை மட்டும் அறுத்துக் கோயம்புத்தூர் கருவிக்கு அனுப்புகிறோம். முளை ஒட்டிக்கொண்டிருக்கிற மறுபாதியை ஈரத்தாளில் முளைக்க வைக்கிறோம். இரண்டு வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் போகத்தில்தான் நாற்பது சொச்சம் விதை தேறியிருக்கிறது.

அந்த நாற்றுகளை நேற்றுப் பாத்தியில் நட்டு முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, முழு விதையில் வந்த சாதாரணச் செடி ஒன்று. அவை தளதளவென்று நிற்கின்றன. என் பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டோடு பிறந்தவை, ஒற்றை இலையோடு குச்சியாக நிற்கின்றன. பூக்கும்வரை காப்பாற்றிவிட்டால் எனக்குப் போதும்.

காவலுக்கும் களையெடுக்கவும் பிச்சைமுத்து இருக்கிறார். நைனார்பாளையத்துக் காலனிக்காரர், பல வருடமாகத் தினக்கூலி. இந்த வருடம் நிரந்தரமாக்கச் சொல்லி அவர் பெயர் மேலே போயிருக்கிறது. அதிலிருந்து மனுஷர் என்னைவிட அதிகமாகப் பாத்தியைச் சுற்றி வருகிறார்.

சங்கத்தின் இடஒதுக்கீட்டு மறியலுக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்பது நியாயம். அருவாளோடு போகாதே, அவ்வளவுதான்.

எழில்

---

தியாகதுருகம்
13-9-1987

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் கவியரசன். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. முதலில் எழுதிவிட்டேன், திருப்தியா?

கடுகை வெட்டத்தான் நாலு வருஷம் காலேஜில் போட்டார்களா என்று உன் அண்ணி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்துபோனது. கருவாட்டுக் குழம்பு. நஷ்டம் எனக்கு.

அதே காலேஜில் எனக்கு நாலு மார்க்கில் இடம் போனது உனக்கு மறந்திருக்காது. நம்மோடு ஒரே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறவர்களில் தலைமுறையாகப் படித்தவன் இருக்கிறான், டவுனில் கடை வைத்திருப்பவன் இருக்கிறான். நாம் ஏர் பிடித்த கையோடு போய் அவனோடு ஓடிப்பிடிக்க வேண்டுமாம். அதனால்தான் தனியாக ஒதுக்கு என்கிறோம். உனக்குக் கிடைத்தது, நல்லது. ஊரில் உன்னைப் போல இன்னொரு பெண்ணைக் காட்டு பார்ப்போம்.

வியாழக்கிழமை தொடங்கி ஒரு வாரம் மெயின் ரோட்டில் சைக்கிள்கூடப் போகாது. புளியமரத்தைச் சாய்க்க அருவாள் இல்லாமல் பல்லால் கடிக்கவா சொல்கிறாய்?

கவியரசன்

---

எலவனாசூர்கோட்டை
8-10-1987

அன்புள்ள எழிலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணியின் சித்தப்பா வீட்டில் இருக்கிறேன். ஊரில் இன்னும் போலீஸ் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறதாம். மரம் வெட்டியது, பஸ் கண்ணாடி உடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணாடிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மரம் நான்தான்.

மறியல் முடிந்து உன் விதைக் கொட்டகையில் ஒளிந்திருந்த அத்தனை நாளும் நீ ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அரசாங்க இடத்தில் என்னை வைத்துக்கொண்டு நீ பயந்தது எனக்குத் தெரியும். மீட்டிங்குக்கு நீ கள்ளக்குறிச்சி இறங்கிப் போன பிறகு, பிச்சைமுத்துதான் வேளாவேளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். கேட்டதற்கு மேல் பேசவில்லை. நான் படுத்தால் வெளியே போய் உட்கார்ந்துகொள்வான். தங்கமான ஆள். என்மேல் அப்படி ஒரு பாசம்.

சும்மா உட்கார்ந்து தின்பது எனக்கு ஒட்டவில்லை. நீ வருவதற்குள் உனக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டு வந்தேன். பாத்தியைப் பார்த்திருப்பாய். நல்ல செடிகளுக்கு நடுநடுவே சொத்தைச் செடிகள் நெருக்கியடித்துக்கொண்டு, படித்த பிள்ளை பயிர் கலைக்க மறந்துவிட்டது! ஒற்றை இலையும் குச்சிக்காலுமாக இருந்ததை எல்லாம் வேரோடு எடுத்துவிட்டேன். "வேணாங்க, அம்மா வரட்டுங்க" என்று பிச்சைமுத்து ஒரு தடவை இழுத்தான். "பயிரு எனக்குத் தெரியும்யா, நீ கூடையப் புடி" என்றேன். பிடித்தான். பிடுங்கியதை மலைக்காரர்களின் ஆடு தின்றுவிட்டது. இனி உன் கடுகு எப்படிக் கிளைக்கிறது பார்.

கவியரசன்

---

வெள்ளிமலை
12-10-1987

அண்ணனுக்கு,

நீ பிடுங்கியதுதான் என் ஆராய்ச்சி.

போன மாதம் எழுதினேனே, பாதி விதையில் வந்த நாற்றுகள் என்று. குழம்பு தீய்ந்ததுதான் உன் நினைவில் நின்றது போலிருக்கிறது. நீ விட்டுவைத்தவை வெறும் ஒப்பீட்டுச் செடிகள். சந்தையில் வாங்குகிற விதை. அவை நன்றாகத்தான் கிளைக்கின்றன, நாசமாய்ப் போக.

ஆட்டுப்பட்டி வரைக்கும் போய்த் தேடினேன். ஒரு தண்டாவது கிடைக்காதா என்று சாணிக்குப்பையைக் கிளறினேன். அந்த விதைகளின் மறுபாதி கோயம்புத்தூரில் அரைபட்டுப் போனது. அவை போல வேறு விதை கிடையாது. தாய்ச்செடி விதையில் மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டும். தேறுமா என்று தெரியாது.

குட்டையாக இருக்கிறது என்றதும், ஏன் குட்டை என்று கேட்காமல் பிடுங்கினாய். நீ ரோட்டில் எதற்காக உட்கார்ந்தாய் என்பதை நினைத்துப் பார். நான் விளக்கப் போவதில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. செடி போனதை அழுது தீர்த்துவிட்டேன். அடுத்தது அழுதும் தீரவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே சுப்புராயன் சார் வந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து இந்தத் திடலைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவர்தான். பாத்தியைப் பார்த்தார். யார் செய்தது என்று பிச்சைமுத்துவைக் கேட்டார். அவர் தலை குனிந்தபடி நின்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். வெளியாள் யாராவது வந்தார்களா என்று என்னையும் கேட்டார். "இல்ல சார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! குடித்துவிட்டுக் களை என்று பிடுங்கியிருப்பான் என்று அவரே முடிவுகட்டி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிச்சைமுத்து குடிப்பதே இல்லை. அதையும் நான் சொல்லவில்லை.

பிச்சைமுத்து போர்வையைச் சுருட்டிக்கொண்டு கரியாலூர் பக்கம் இறங்கிப் போனார். நிரந்தரமாக்கும் பேச்சு அதோடு போயிற்று.

சாரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். சொன்னால் உன்னை ஒளித்து வைத்ததும் வெளியே வரும். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

எழில்மதி

---

எலவனாசூர்கோட்டை
17-10-1987

எழிலுக்கு,

செடி விஷயத்தில் நான் முட்டாள்தான். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். உன் கடிதத்தை அண்ணியிடம்கூடக் காட்டவில்லை. பயிர் தெரிந்தவன் என்று இத்தனை நாள் ஊருக்கே நியாயம் சொன்ன வாய் இது.

ஆனால் மற்றதைக் கொஞ்சம் ஆற அமர யோசி. நீ சொன்னால் என்ன ஆகும்? என்னை உள்ளே தள்ளுவார்கள், அது போகட்டும். உன் வேலை? தேடப்படுகிறவனை அரசாங்கக் கொட்டகையில் வைத்தவளை விட்டுவைப்பார்களா? நம் ஊரில் முதல்முதலாக இப்படி ஒரு வேலைக்குப் போன பெண் நீ. உன்னைக் காட்டித்தான் நாலு பேர் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஒரு தினக்கூலிக்காக அதைத் தொலைப்பாயா?

பிச்சைமுத்துவை நான் விட்டுவிட மாட்டேன். நம் கரும்புக் கொல்லையில் வேலை தருகிறேன். அங்கே கொடுத்ததைவிடக் கூடவே தருகிறேன். அவன் என்மேல் பிரியமுள்ளவன், சொன்னால் புரிந்துகொள்வான். காட்டிக்கொடுக்காமல் நின்றானே, அதை நான் மறப்பேனா?

சொல்லாதே. அண்ணனாகக் கேட்கிறேன்.

கவியரசன்

---

வெள்ளிமலை
26-10-1987

அண்ணனுக்கு,

பிச்சைமுத்துவுக்கு உன்னைவிட இருபது வயதாவது அதிகம். நீ 'அவன், அவன்' என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் படித்திருந்தால் எனக்கும் உறைத்திருக்காது. அதனால் உன்னை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, "பரவால்லம்மா" என்று அவர் வாயால் சொல்லக் கேட்கப் போயிருக்கிறேன் என்று. அவர் கரும்பு வெட்டப் போயிருந்தார். அவர் மனைவி இருசம்மாள் மட்டும் இருந்தார். உட்காரச் சொல்லி ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

நான் ஏதேதோ பேசினேன். எங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருந்த அவருடைய பெருந்தன்மையை மறக்க மாட்டோம் என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. கோபம் இல்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

"பெருந்தன்மையெல்லாம் ஒண்ணியும் இல்லம்மா," என்றார். "ஒங்க அண்ணன் தலமாட்டுல அருவாள வச்சிக்கினு படுத்துக்கினு இருந்தாராம். நீங்க ஊருல பெரிய சனம். அந்த மறியல் வாரம் பூரா நாங்க வௌக்குகூட ஏத்தாம குந்திக்கினு இருந்தோம், எந்தப் பக்கம் நெருப்பு வருமோன்னு. இவுரு ஒங்க பேர சொல்லிட்டு எங்க போய்ப் பொழைக்கிறது? வேல போனா வேற வேல. வூடு போனா?"

அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் அவர் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்தது உனக்குக் காவலாக இல்லை. உன்னோடு ஒரே கூரைக்குள் தூங்கப் பயந்துகொண்டு. கஞ்சி காய்ச்சியதும் பயந்துதான், கூடை பிடித்ததும் பயந்துதான். நானும் அந்தப் பயத்தை விசுவாசம் என்று எண்ணித் தினமும் "பிச்சைமுத்து, அண்ணனைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போயிருக்கிறேன்.

கரும்புக் கொல்லை வேலையைப் பற்றிச் சொல்லவே இல்லை. வாய் வரவில்லை. நீ கூப்பிட்டால் அவர் வருவார். ஏன் வருவார் என்று இப்போது நம் இருவருக்கும் தெரியும்.

எழில்

---

எலவனாசூர்கோட்டை
2-11-1987

எழில்,

இதற்கு முன் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த அருவாள் எனக்கு மரம் வெட்டிய அருவாள். கொட்டகையில் வேறு வைக்க இடமில்லை, தலைமாட்டில் வைத்தேன். அவ்வளவுதான் என் நினைப்பில். அவர் வாசலில் நின்று அதைப் பார்த்தபோது என்ன நினைத்தார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வந்த முதல் நாள் பேச்சுக்கொடுப்போம் என்று, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். நைனார்பாளையம் என்றார். "அங்க நம்ம சங்கத்து ஆளுங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்கதான்" என்றேன். சத்தியமாக அன்னியோன்னியமாகத்தான் சொன்னேன். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ரோட்டில் உட்கார்ந்தபோது நான் மிதிபட்டவன் என்று முழங்கினேன். பொய்யில்லை. எனக்கு மேலே இருப்பவன் என்னைப் பார்க்கிற பார்வை எனக்கு அத்துப்படி. எனக்குக் கீழே ஒருத்தர் என்னைப் பார்த்து நடுங்குவார் என்பது தெரியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

நீ செய்ய நினைப்பதைச் செய். நான் தடுத்ததாக இருக்க வேண்டாம். நான் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கவியரசன்

---

வெள்ளிமலை
11-11-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டேன். நீ ஒத்துக்கொள்வாயோ மாட்டாயோ என்று காத்திருந்தால் அதையே சாக்காக வைத்துக்கொள்வேன் என்று பயமாக இருந்தது.

சுப்புராயன் சார் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிப்போர்ட் மேலே போய்விட்டது, காவலாள் கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டது, இனி மாற்றினால் தனக்கும் கேள்வி வரும், எனக்கும் வேலை போகும் என்றார். நல்ல மூளை, வீணாக்காதே என்றார். தங்கையின் பேச்சை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, செய்தவரே வந்து சொல்லி, அந்த ஆளும் ஆமாம் என்று சொன்னால் பார்க்கலாம் என்றார். தேடப்படுகிறவன் எங்கே வரப் போகிறான் என்ற தைரியத்தில் சொன்னார்.

அண்ணா, அவர் அப்படிக் கதவைச் சாத்தியபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, வேலையும் தப்பித்தது என்று. பஸ் ஏறி உட்கார்ந்து ஜன்னல் காற்று முகத்தில் பட்டபோதுதான் அது நிம்மதி என்று புரிந்தது.

மிச்சமிருந்த விதையை வெட்டத் தொடங்கியிருக்கிறேன். முளையையும் சேர்த்து அறுத்துவிடுகிறேன். களையெடுக்கப் புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். அவரிடம் நான் இன்னும் பேர்கூடக் கேட்கவில்லை.

உன்னை வா என்று எழுத எனக்கு வாயில்லை. வராதே என்று எழுதவும் முடியவில்லை.

எழில்

---

தியாகதுருகம்
20-11-1987

அன்புத் தங்கை எழிலுக்கு,

அப்பா நலம். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்றுக் கள்ளக்குறிச்சி போய் உன் சாரைப் பார்த்தேன். உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

கவியரசன் என்று பெயரைச் சொன்னதும் மனுஷர் எழுந்தே நின்றுவிட்டார். பாத்தியைப் பிடுங்கியது நான், கொட்டகையில் இருந்தது நான், எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்கு என்னை அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. நான் நகரவில்லை. கடைசியில், அந்த ஆளும் சொல்லட்டும் என்று நைனார்பாளையத்துக்கு ஆளனுப்பினார். நான் வந்திருப்பதைச் சொல்லாமல், வேலை விஷயமாக வரச்சொல்லி.

பிச்சைமுத்து மத்தியானம் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். உள்ளே நுழையும்போது முகத்தில் அது தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அது போய்விட்டது. துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது.

"இவருதான் கொட்டகையில இருந்தாரா, இவருதான் புடுங்குனாரா?" என்று சார் கேட்டார்.

"இவுர நான் பாத்ததே இல்லீங்க" என்றார்.

"நான் ஒத்துக்கினேன்யா, என்னால ஒனக்கு ஒண்ணும் வராது, உண்மையச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். நீ என்றும் நீங்கள் என்றும் மாறி மாறி வந்தது எனக்கு. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தெரியாதுங்க. நான்தாங்க தெரியாம புடுங்கிட்டேன்" என்றார். எனக்காக அவர் சொன்ன பொய், என் எதிரிலேயே.

சார் கையை விரித்தார்.

நான் வாயைத் திறந்தேன், எழில். இன்னும் ஒரு அதட்டுப் போட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பார். தொண்டை வரைக்கும் வந்த அந்தக் குரலை நான் கேட்டேன். மறியலில் எல்லோரும் கைதட்டிய அதே குரல். அதைப் போட்டால்தான் அவருக்கு வேலை கிடைக்கும், போட்டால் அவர் பயம் சரி என்றாகிவிடும். உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

நேற்றிலிருந்து யோசித்தேன். நான் செய்ததைச் சொல்ல அவரிடம் சாட்சி கேட்டதே அக்கிரமம். நாளைக் காலையில் நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன். மரம் வெட்டியது, எந்தக் கொட்டகையில் எத்தனை நாள் இருந்தேன், எந்தப் பாத்தியில் கைவைத்தேன், எல்லாம் என் வாக்குமூலமாகப் பதிவாகும். நகலை உன் சாருக்கு மேலே இருப்பவர்களுக்கு வக்கீல் மூலம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கு யாரும் பிச்சைமுத்துவை ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை.

உனக்கு மெமோ வரும். அதற்கு மேலும் வரலாம். ஆனால் உன்னைக் காப்பாற்ற நான் எதையாவது மறைத்தால், அது மறுபடியும் அவர் தலையில்தான் போய் விடியும்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தால், நீ அங்கே இருந்தால், ஒன்று மட்டும் செய். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே. சொன்னால் 'பரவால்லீங்க' என்று சொல்ல வேண்டியிருக்கும் அவருக்கு.

அண்ணன்,
கவியரசன்